ஓட்டையைப் பார்த்துக் கேபிள் வாங்காதீர்கள்

கேள்வி:

வணக்கம் சார். காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாங்காய் மண்டிகள், ஒரு மாங்கூழ் கம்பெனி, சில கடைகள், அவர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி புது லேப்டாப்பும் 24 இன்ச் மானிட்டரும் வாங்கிக் கொடுத்தான். லேப்டாப்பில் ஒரு டைப்-சி, ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு சாதா யூஎஸ்பி இருக்கிறது. டைப்-சிதானே புதுசு, அதுதான் நல்லது என்று நினைத்து டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிச் செருகினேன். மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றே வருகிறது. கேபிள் சரியாக இருக்கிறது, லேப்டாப்பில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். யூஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்கினேன். அதில் ஹார்ட் டிஸ்க் போட்டால் ஒயர்லெஸ் மவுஸ் நின்று நின்று ஓடுகிறது, டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டிஎஸ்சி டோக்கன் தெரிவதே இல்லை. பழைய 19 இன்ச் மானிட்டர் ஒன்று, விஜிஏ மட்டும் உள்ளது, சும்மா கிடக்கிறது. அதையும் சேர்த்து மூன்று திரையாக வைக்கலாமா? இன்னொன்று, சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப் மூடியைத் தொட்டால் கை ஜிவ்வென்று இழுக்கிறது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் சார் போட்டுவிட்டீர்கள், நான் கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கிற ஆள், பக்கத்து ஊர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். முதலில் 20ஆம் தேதி கவலையை முடித்துவிடலாம். உங்கள் மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை என்றால் அதை எடுத்து, தெர்மாகோலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் சுருட்டி வைத்திருப்பார்கள், நம் ஆட்கள் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கேபிளை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் ஒரு முனை, மானிட்டரின் எச்டிஎம்ஐயில் மறுமுனை என்று போடுங்கள். (கை ஜிவ்வென்று இழுக்கிற விஷயம் இருப்பதால் இதைச் செய்வதற்கு முன் கடைசியில் எர்த் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள், இரண்டு பவரையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.) டிஎஸ்சி டோக்கனை ஹப்பில் போடாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். உங்கள் 3பி வேலைக்கு இவ்வளவு போதும். மீதியெல்லாம் தாக்கல் முடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இனி அந்த டைப்-சி விஷயம். உங்கள் லேப்டாப்பிலும் கோளாறு இல்லை, கேபிளிலும் கோளாறு இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி, அவ்வளவுதான். டைப்-சி என்பது வெறும் ஓட்டையின் வடிவம். 2014இல் அந்த வடிவத்தை முடிவு செய்தார்கள், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகும், அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஓட்டைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பது லேப்டாப் செய்தவர் எவ்வளவு செலவு செய்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே மாதிரி குழாய் இரண்டு வீட்டில் இருக்கும், ஒன்றில் காவேரித் தண்ணீர் வரும், ஒன்றில் போர் தண்ணீர் வரும், திறந்து பார்க்கும்வரை தெரியாது. அதே கதைதான். சில டைப்-சியில் டேட்டா மட்டும் போகும். சிலவற்றில் டேட்டாவோடு சார்ஜும் ஏறும். சிலவற்றில்தான் படமும் போகும், அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். இன்னும் விலை கூடிய லேப்டாப்புகளில் தண்டர்போல்ட் என்று ஒன்று இருக்கும், அதில் எல்லாமே போகும், 40 ஜிபிபிஎஸ் வேகத்தில், புதியவற்றில் அதற்கு மேலும். வெளியிலிருந்து பார்த்தால் இத்தனையும் ஒரே ஓட்டை! ஐபோன் 15 வந்தபோதுகூட இதேதான் நடந்தது, சாதா மாடலிலும் டைப்-சி, ப்ரோ மாடலிலும் டைப்-சி, ஆனால் சாதாவில் வேகம் 480 எம்பிபிஎஸ், அதாவது 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 வேகம், ப்ரோவில் 10 ஜிபிபிஎஸ். அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படிச் செய்யும்போது பட்ஜெட் லேப்டாப் செய்கிறவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

நீங்கள் வாங்கிய கேபிள் உள்ளே இருக்கும் சின்னச் சில்லு, லேப்டாப்பிடமிருந்து டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை வாங்கி அதை எச்டிஎம்ஐயாக மாற்றித் தருகிற வேலையைச் செய்கிறது. லேப்டாப் அந்த ஓட்டை வழியாகச் சிக்னலே அனுப்பவில்லை என்றால் அது எதை மாற்றும்? அதனால்தான் 'நோ சிக்னல்'. உங்கள் லேப்டாப் அப்படிப்பட்டதுதானா என்று உறுதி செய்துகொள்ள, ஓட்டைக்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள். டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி எழுதினது மாதிரி இருந்தால் படம் போகும். மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட், ஆனால் சில கம்பெனிக்காரர்கள் சார்ஜுக்கும் மின்னல் மாதிரி போட்டுக் குழப்புகிறார்கள். எஸ்எஸ் என்று மட்டும் இருந்தால் அது டேட்டா வேகத்தைச் சொல்வது, படத்துக்கு உத்தரவாதம் இல்லை. குறியே இல்லை என்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு விவரப் பக்கத்தில் டைப்-சி வரியைத் தேடுங்கள். அங்கே 'டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி' என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது, எந்தக் கேபிள் வாங்கினாலும், எந்த டிரைவர் போட்டாலும், யார் வந்து சரி செய்தாலும் அதில் படம் வராது. கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் லேப்டாப்பில் கோளாறு என்று சொன்னதை நம்பி சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

எச்டிஎம்ஐ பழசு, டைப்-சி புதுசு, அதனால் படம் டைப்-சியில் நன்றாக வரும் என்பதும் தப்பு. 24 இன்ச் சாதாரண மானிட்டர் என்றால் 1920க்கு 1080 புள்ளிகள்தான் இருக்கும். அதற்கு 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தாராளம். அட்டையில் 8கே, தங்க முலாம் என்றெல்லாம் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும் கேபிளில் உங்கள் டேலி கணக்கு மென்பொருளின் எழுத்து ஒரு துளிகூடத் தெளிவாகத் தெரியப் போவதில்லை.

கேபிள் போட்டும் படம் வரவில்லையா, மானிட்டரின் கீழேயோ பின்னாலேயோ இருக்கும் பட்டனை அழுத்தி 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். சிரிக்காதீர்கள். நானே ஒரு வாடிக்கையாளரின் ஆபீசில் அரை நாள் கேபிள் மாற்றி, டிரைவர் மாற்றி, விண்டோஸே போய்விட்டது என்று முடிவு செய்கிற நேரத்தில், டீ கொண்டு வந்த பையன் அந்தப் பட்டனை அழுத்திப் படத்தை வரவழைத்தான். அன்றைக்கு நான் பில்லே போடவில்லை.

மூன்று திரை ஆசைக்கு வருகிறேன். நீங்கள் கவனிக்காத ஒன்று, லேப்டாப் திரையும் ஒரு திரைதான். 24 இன்ச்சைச் சேர்த்தால் ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. பெரியதில் டேலி, சின்னதில் போர்ட்டலும் வாட்ஸ்அப்பில் வந்த பில்லும் என்று வைத்துப் பாருங்கள், ஒரு மாதம் போகட்டும், மூன்றாவது தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேண்டவே வேண்டும் என்றால் இரண்டு தவறுகளைச் செய்யாதீர்கள். முதலாவது, எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்குவது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி என்று கொடுப்பார்கள், அது இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைத்தான் காட்டும், கல்யாண மண்டபத்தில் இரண்டு டிவியில் ஒரே தாலி கட்டுவது தெரிகிற மாதிரி. இரண்டாவது, விஜிஏ கன்வெர்ட்டரைத் திசை மாற்றி வாங்குவது. உங்கள் பழைய மானிட்டருக்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவதும் அதே அளவில், அதே கறுப்பு நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும். விஜிஏ 1987இல் வந்த அனலாக் சமாச்சாரம், எச்டிஎம்ஐ டிஜிட்டல், நடுவில் இருக்கும் சில்லு ஒரு பக்கமாகத்தான் மாற்றும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

ஆனால் உங்களிடம் இருக்கும் ஒரே எச்டிஎம்ஐ பெரிய மானிட்டருக்குப் போய்விடுகிறது. அப்புறம் பழையதற்கு வழி? டிஸ்ப்ளேலிங்க் என்ற வகை அடாப்டர் இருக்கிறது, அது சாதா யூஎஸ்பியிலேயே படத்தை அனுப்பும், தனியாக டிரைவர் போட வேண்டும், லேப்டாப்பின் பிராசசர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். கணக்கு வேலைக்குப் பரவாயில்லை, வீடியோவுக்குச் சுமார். 'யூஎஸ்பி டு எச்டிஎம்ஐ' என்று மட்டும் எழுதி மலிவாக வருவதை எடுக்காதீர்கள், அதில் டிரைவருக்கே அலைய வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், சும்மா கிடக்கிற 19 இன்ச்சுக்காக அந்த அடாப்டர் வாங்குவது வீண். பழைய கம்ப்யூட்டரோடே அதை விட்டுவிடுங்கள், மண்டி சீசனில் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தால் பில் பதிய ஆகும்.

மானிட்டர் வந்ததும் செய்ய வேண்டியது. விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பி எழுத்தை அழுத்துங்கள், நான்கு வழி காட்டும், 'எக்ஸ்டெண்ட்' எடுங்கள். 'டூப்ளிகேட்' எடுத்தால் இரண்டிலும் ஒன்றே தெரியும். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும், மேசையில் மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கட்டத்தை இழுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் மவுஸ் சுவரில் முட்டுகிறது என்று போன் செய்கிறவர்கள் நிறைய. ரெசல்யூஷனில் 'ரெக்கமெண்டட்' என்று போட்டிருப்பதை விடுங்கள், எழுத்து சின்னதாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது, எல்லாம் மங்கிவிடும். அதற்கு 'ஸ்கேல்' இருக்கிறது, லேப்டாப்பில் 125 சதவீதம், மானிட்டரில் 100 என்று வைத்துப் பாருங்கள். ஒரு ஜன்னலை ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு அனுப்ப விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து அம்புக்குறி. சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், எச்டிஎம்ஐ போட்டதும் விண்டோஸ் சத்தத்தையும் மானிட்டருக்கே அனுப்பப் பார்க்கும், அதில் ஸ்பீக்கர் இல்லை என்றால் அமைதிதான். கீழே மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றினால் சரி.

மவுஸ் பிரச்சினைதான் எனக்குப் பிடித்த பிரச்சினை, ஏனென்றால் இதற்காக நல்ல மவுஸ்களைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஒயர்லெஸ் மவுஸும் யூஎஸ்பியில் செருகும் அதன் நகக்கண் அளவு டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசிக்கொள்கின்றன. யூஎஸ்பி 3.0 சாதனம், உங்கள் ஹார்ட் டிஸ்க் மாதிரி, வேலை செய்யும்போது அதன் கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசிகிற ரேடியோ இரைச்சல் சரியாக அந்த 2.4 பக்கத்திலேயே விழுகிறது. இன்டெல் கம்பெனியே 2012இல் இதை அளந்து எழுதி வெளியிட்டது. ஹப்பில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல டாங்கிளைச் செருகினால், சந்தையில் மைக் செட் பக்கத்தில் நின்று போன் பேசுகிற கதை. மவுஸ் சொல்வது டாங்கிளுக்குக் கேட்காது. டாங்கிளை எடுத்து லேப்டாப்பின் மறுபக்க யூஎஸ்பியில் போடுங்கள். அங்கேயும் இடமில்லை என்றால் அரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மவுஸ் பக்கத்தில் இழுத்து வையுங்கள், சின்னச் செலவில் முடியும். இல்லையா, ஒயர் மவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு ஒயர்லெஸ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

ஹப்பைப் பற்றி இன்னொன்று. தனிப் பவர் இல்லாத ஹப், லேப்டாப்பின் ஒரு ஓட்டையிலிருந்து வரும் கரண்டைத்தான் எல்லாருக்கும் பங்கு போடுகிறது. சாதா யூஎஸ்பி 3.0 ஓட்டையின் கணக்குப்படி 900 மில்லி ஆம்பியர். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும், மற்றவை அரைப் பட்டினி. அதனால் ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பில் நேராக ஒன்றில். மற்ற ஓட்டையில் ஹப், அதில் கீபோர்டு, பிரிண்டர், மவுஸ் டாங்கிள். இப்படி வைத்தால் டாங்கிளும் டிஸ்க்கும் தானாகவே பிரிந்துவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். டோக்கன் போடும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டோக்கன்.

டோக்கன் தெரியாததற்கு ஹப் மட்டும் காரணமாக இருக்காது, புது லேப்டாப்பில் டோக்கனுக்கு உரிய டிரைவரை நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சில டோக்கன்களில் செருகியதும் சிடி மாதிரி ஒன்று திறந்து அதிலேயே டிரைவர் இருக்கும், இல்லை என்றால் டிஎஸ்சி வாங்கிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் கையெழுத்துப் போட எம்சைனர் என்ற மென்பொருளும் புதிதாகப் போட வேண்டும். கடைக்காரர்களுக்கு ஓடிபியில் முடித்துவிடலாம், மாங்கூழ் கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால் டிஎஸ்சி இல்லாமல் நகராது, இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள், அது இன்னொருவரின் கையெழுத்து. அப்படியே, டேலி லைசென்ஸைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து விடுவித்து சரண்டர் செய்தீர்களா? செய்யாமல் அதை ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள்.

இப்போது கை இழுக்கிற விஷயம். இதை நீங்கள் கடைசியில் 'இன்னொன்று' என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதல் விஷயம். உங்கள் லேப்டாப் சார்ஜரில் மூன்று பின் இருக்கிறதா, அதை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டிப் பிளக்கில் போட்டிருக்கிறீர்களா, அல்லது மூன்று பின் ஓட்டை இருந்தும் அதற்குள் எர்த் ஒயர் இல்லையா, முதலில் இதைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து லேப்டாப்பின் மெட்டல் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும், அதுதான் அந்த ஜிவ். டெஸ்டர் வைத்தால் மூடியிலேயே மங்கலாக எரியும். லேசான ஜிவ் என்றால் உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எதைத் தொட்டாலும் இதே மாதிரி இருந்தால், அல்லது சுள்ளென்று அடித்தால், அது வீட்டு ஒயரிங் கோளாறு, அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. எர்த் இல்லாத லேப்டாப்பும், வேறொரு பிளக்கில் இருக்கும் மானிட்டரும் வேறு வேறு மின் அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்த வித்தியாசம் முழுக்க அந்தச் சின்ன பின்கள் வழியாகத்தான் பாயும். என் கடைக்கு எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துப் போய் வரும் லேப்டாப்புகளில் நிறைய இந்த வகை. போர்டையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். அதனால் லேப்டாப், மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள், எச்டிஎம்ஐ செருகும்போதும் கழற்றும்போதும் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்தால் கரண்ட் வரும் ஃபேஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் உப்பும் கரியும் போட்ட எர்த் குழி இருந்தால் நம் பக்கத்து வெயிலுக்கு அது ஏப்ரலிலேயே காய்ந்து கல்லாகியிருக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம், இன்றைக்கும் பலன் தரும். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று மெயினில் போடச் சொல்லுங்கள், அது லேப்டாப்புக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு. கோடை மழையில் இடி இறங்குகிற நேரம் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பிராட்பேண்ட் மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள், பல பேருக்கு இடி அந்த வழியாகத்தான் வந்தது.

அந்த டைப்-சி கேபிளுக்குப் பில் இருந்தால் கடையில் திருப்பிக் கேளுங்கள், என் லேப்டாப் டைப்-சியில் படம் போகாது என்று சொல்லியே கேளுங்கள், அவரும் அடுத்த ஆளுக்கு விசாரித்துக் கொடுப்பார். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் மடித்து வையுங்கள், தம்பி ஊருக்கு வரும்போது ஆபீஸ் லேப்டாப் கொண்டு வந்தால் அதில் செருகிப் பாருங்கள், வந்தால் அவரையே காசு கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.